'அலை உயரம் 1.6 மீட்டர்': கடல் தகவலை வகுப்பறையில் படித்தல்

வினாடி வினாப் போட்டிகளில் 'அண்மைக்கால அறிவியல் தொழில்நுட்பம்' என்ற பகுதி தவறாமல் இடம்பெறுகிறது. நம் மாணவர்கள் அதில் நன்றாகவே பதில் சொல்கிறார்கள். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாள் 2023 ஆகஸ்ட் 23. சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கிய அக்னிகுல் என்ற புத்தொழில் நிறுவனம், முப்பரிமாண அச்சில் செய்த எஞ்சினைக் கொண்டு ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ராக்கெட் ஏவிய நாள் 2024 மே 30. கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

காலாப்பட்டில் நான் பாடம் நடத்தும் எட்டாம் வகுப்பில் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் வேறொரு கேள்வி கேட்டேன். "அப்பா கைப்பேசிக்கு 'அலை உயரம் 1.6 மீட்டர்' என்று செய்தி வருகிறதே, அதற்கு என்ன பொருள்?" "அலை ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும் டீச்சர்" என்றார்கள். "அதைவிடப் பெரிய அலை வராதா?" என்றேன். "வராது டீச்சர், அதான் போட்டிருக்காங்களே" என்று ஒரு மாணவன் உறுதியாகச் சொன்னான். அந்த உறுதிதான் ஆபத்தானது. 1.6 மீட்டர் என்று அறிவிக்கப்பட்ட கடலில் 2 மீட்டர் அலை நிச்சயமாக வரும். 3 மீட்டர் அலையும் வரக்கூடும்.

செயற்கைக்கோள், கணினி, செயலி எல்லாம் சேர்ந்து ஒரு எண்ணைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை நம்முடையது. இதற்காக நான் ஆறு பாடவேளைகளில் நடத்திய ஒரு சிறு அலகைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடலோரப் பள்ளிகளுக்கு அப்படியே பயன்படும். உள்மாவட்டப் பள்ளிகளுக்கு எப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் சொல்கிறேன்.

வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி

முதல் பாடவேளையில் அறிவியல் இல்லை, வரலாறுதான். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இது சொந்த ஊர் வரலாறு. ஆனாலும் அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டு அமைப்பு ஒன்றின் உதவியோடு புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இணையம் என்ற சொல்லே நம்மில் பலருக்குப் பழகாத காலம் அது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து மற்ற ஊர்களுக்குத் தொலைபேசி வழியாகவும் வானலை வழியாகவும் செய்திகள் போயின. மின்சாரத்தை நம்ப முடியாததால் சூரியத் தகடுகள் வைத்தார்கள். எம்பலத்தில் கணினி இருந்த இடம் கோயிலைச் சேர்ந்த ஓர் அறை. அதை நடத்தியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு சிறு பத்திரிகையும் வெளிவந்தது.

விவசாய ஊர்கள் கேட்டது ஒன்று, கடலோர ஊர்கள் கேட்டது வேறொன்று. வீராம்பட்டினத்து மீனவர்களுக்குத் தேவைப்பட்டது அலை உயரம். வங்காள விரிகுடாவின் அலை முன்கணிப்பை அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் வெளியிட்டு வந்தது. தன் கப்பல்களுக்காக அது செய்த வேலை. வில்லியனூரில் அதை எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர், படகுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தவர், மீன் கூடையோடு காத்திருந்த அம்மா, எல்லார் காதிலும் அது விழுந்தது.

இந்த இடத்தில் மாணவர்களிடம் ஒரு கேள்வியைப் போட்டு நிறுத்தினேன்: "இந்த ஏற்பாட்டில் மிக முக்கியமான கருவி எது?" கணினி என்றார்கள், செயற்கைக்கோள் என்றார்கள். ஒரு மாணவி மட்டும் "ஒலிபெருக்கி" என்றாள். என் கருத்தும் அதுவே. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும், கையில் கருவி எதுவும் இல்லாதவருக்கும் சேர்ந்த ஒரே கருவி அதுதான். இன்றைக்குச் செயலிகள் பெருகிய பிறகு, ஊருக்குப் பொதுவாக ஒலித்த குரல் தனித்தனிக் கைப்பேசிகளுக்குள் போய்விட்டது. அதில் லாபமும் உண்டு, இழப்பும் உண்டு.

2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்கு சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது. சுனாமி நம் கரைக்கு வந்து சேரச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு மீனவ கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அங்கே செய்தியைப் பார்த்ததும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். இங்கே கடல் ஏறிக்கொண்டிருந்தது. தகவல் கிடைத்தவர்கள் ஊரின் தகவல் மையக் கதவை உடைத்துத் திறந்து, தினமும் அலை உயரம் அறிவித்த அதே ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஊரைவிட்டு ஓடச் சொன்னார்கள். படகுகள் போயின, வீடுகள் சேதமாயின. மக்கள் உயிர் தப்பினார்கள்.

இதைச் சொல்லி முடித்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த ஆண்டு அவர்களில் யாரும் பிறந்திருக்கவில்லை. ஆனால் எல்லார் வீட்டிலும் அந்த நாளைப் பற்றி ஒரு கதை உண்டு. அதைக் கேட்டு எழுதிவர வேண்டும் என்பதுதான் அன்றைய வீட்டுப்பாடம். கட்டாயமில்லை என்றும் சொல்லியிருந்தேன். சில வீடுகளில் அதைக் கேட்கவே கூடாது.

1.6 மீட்டர் எப்படி வருகிறது?

இரண்டாம், மூன்றாம் பாடவேளைகள் கணக்கு. முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பாடநூலில் அலையின் 'வீச்சு' என்று படிக்கிறோம். அது நடுநிலையிலிருந்து முகடு வரையுள்ள அளவு. கடல் அறிவிப்பில் வரும் 'அலை உயரம்' அகட்டிலிருந்து முகடு வரையுள்ள முழு அளவு. ஏறக்குறைய இரண்டு மடங்கு. கரும்பலகையில் ஓர் அலைக்கோடு வரைந்து இரண்டையும் குறித்துக் காட்டிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து, கடலில் எல்லா அலையும் ஒரே உயரம் இல்லை. அப்படியானால் எதைச் சொல்வது? சராசரியைச் சொல்லலாமே என்று பிள்ளைகள் கூறுவார்கள். அந்தச் சராசரியையே போடச் சொல்லுங்கள். பன்னிரண்டு சீட்டுகளில் பன்னிரண்டு அலைகளின் உயரத்தை மீட்டரில் எழுதிப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்தேன்: 0.2, 0.5, 0.6, 0.7, 0.8, 0.8, 0.9, 1.1, 1.3, 1.4, 1.6, 2.1. உயரப்படி வரிசையில் நின்றார்கள். கூட்டினால் 12. சராசரி 1 மீட்டர்.

"கடல் 1 மீட்டர்தான் என்று நம்பிப் படகைத் தள்ளினால் என்ன ஆகும்?" வரிசையின் கடைசியில் நின்ற 2.1 மீட்டர் மாணவன் கையை உயர்த்திக்கொண்டு முன்னால் ஓடிவந்தான். வகுப்பே சிரித்தது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது.

இப்போது வரிசையில் உயரமான மூன்றில் ஒரு பங்கை, அதாவது கடைசி நான்கு பேரை மட்டும் முன்னால் நிறுத்தினேன். 1.3, 1.4, 1.6, 2.1. கூட்டினால் 6.4. நான்கால் வகுத்தால் 1.6. இதுதான் அறிவிப்பில் வரும் எண். பெரிய அலைகளில் மூன்றில் ஒரு பங்கின் சராசரி. சிறிய அலைகளைக் கணக்கில் இருந்து தள்ளிவிடுகிறார்கள், ஏனென்றால் படகைப் புரட்டுவது சிறிய அலை இல்லை.

இந்த முறை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவானது. படைகளைக் கடற்கரையில் இறக்குவதற்கு அலையை முன்கணிக்க வேண்டியிருந்தது. ஹெரால்டு ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற இரு கடலியல் அறிஞர்கள் அந்தப் பணியில் ஈடுபட்டார்கள். கடலில் பழகியவர் ஒருவர் கண்ணால் பார்த்து "அலை இவ்வளவு இருக்கும்" என்று சொல்வாரே, அந்த மதிப்பீட்டோடு இந்த எண் ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்பது இதன் சிறப்பு. பழகிய கண்ணும் சிறு அலைகளை விட்டுவிடுகிறது.

நம் பன்னிரண்டு அலைகளில் பெரியது 2.1 மீட்டர். நிஜக் கடலில் சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான அலைகள் வரும். அவற்றில் மிகப் பெரியது அறிவிக்கப்பட்ட எண்ணைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கக்கூடும். முதலில் "வராது டீச்சர்" என்று சொன்ன மாணவனே கரும்பலகையில் 1.6க்குப் பக்கத்தில் 3.2 என்று எழுதினான். அதன் கீழே கோடும் போட்டான்.

நேரம் இருந்தால் இன்னொன்றும் சேர்க்கலாம். அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 1 மீட்டர் அலையைவிட 2 மீட்டர் அலைக்கு நான்கு மடங்கு ஆற்றல். வர்க்கம் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு பதில்.

வெயிலடிக்கும் நாளில் வரும் அலை

அறிவிப்பில் அலை உயரத்தோடு இன்னோர் எண்ணும் வரும். அலைக்காலம், அதாவது ஒரு முகடு கடந்தபின் அடுத்த முகடு வர ஆகும் விநாடிகள். பிள்ளைகள் இதைக் கவனிப்பதே இல்லை. பெரியவர்களிலும் பலர் கவனிப்பதில்லை.

நம் கரைக்கு அருகே வீசும் காற்றால் எழும் அலையின் காலம் ஐந்தாறு விநாடிகள். தொலைதூரத்தில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தென் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயலால் எழும் அலையின் காலம் 15, 16 விநாடிகள்கூட இருக்கும். ஆழ்கடலில் அலைநீளம், காலத்தின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் கிடைக்கும். 6 விநாடி அலையின் நீளம் சுமார் 56 மீட்டர். 16 விநாடி அலையின் நீளம் சுமார் 400 மீட்டர். இந்த நீண்ட அலைகள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, நான்கைந்து நாளில் நம் பக்கம் வந்து சேர்கின்றன. நடுக்கடலில் இவை இருப்பதே தெரியாது. கரையை நெருங்கும்போது எழுந்து அடிக்கும். அப்போது இங்கே காற்று இருக்காது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கேரள மீனவர்கள் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருடனைப் போல் வருவதால் அந்தப் பெயர். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், தன் எச்சரிக்கைகளில் அந்தப் பெயரையே பயன்படுத்துகிறது.

2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அந்த நாட்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகி இருந்தது. படித்த பிள்ளைகள், கையில் கைப்பேசி உள்ளவர்கள். ஆசிரியர்களாகிய நமக்கு இதில் நேரடியான வேலை ஒன்று இருக்கிறது. கல்விச் சுற்றுலாவில் கடற்கரை இருந்தால், பேருந்துக்குச் சொல்வதற்கு முன் அந்த நாளைய கடல் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். வானம் தெளிவாக இருக்கிறது என்பது கடலுக்கான சான்று ஆகாது.

எங்கள் ஊரில் துறைமுகம் இல்லை. ஃபைபர் படகுகளைக் கரைமணலில்தான் ஏற்றி வைக்கிறார்கள். கடல் அரிப்பால் அந்த மணலும் குறைந்துவிட்டது. ஆகவே கடலில் இறங்கும்போதும் கரையேறும்போதும் அலை உடையும் இடத்தைத் தாண்டுவதுதான் பெரிய பாடு. "எங்க தாத்தா அலைய எண்ணிப் பார்த்துட்டுத்தான் படகத் தள்ளச் சொல்வாரு" என்றாள் ஒரு மாணவி. எண்ணுவது என்றால் என்ன செய்கிறார் என்று மறுநாள் கேட்டுவந்தாள். பெரிய அலைகள் கூட்டமாக வந்துபோன பின் வரும் அமைதியான இடைவெளிக்காகக் காத்திருக்கிறாராம். அலைகள் தொகுதியாக வரும் என்பது கடலியல் பாடம். அதை அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

மீன் இருக்கும் இடம்

நான்காம் பாடவேளையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்காய்ஸ் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளையும் அறிவிக்கிறது. மீனை எந்தச் செயற்கைக்கோளும் பார்ப்பதில்லை. கடற்பரப்பின் வெப்பநிலையையும், தாவர மிதவை உயிரிகளின் பச்சையத்தையும் பார்க்கின்றன. உணவு எங்கே மிகுதியோ அங்கே மீன் கூடும் என்ற ஊகம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உணவுச் சங்கிலி தெரியும், ஆகவே இதை அவர்களே சொல்லிவிடுவார்கள். அறிவிப்பில் மீன் இறங்குதளத்தின் பெயர், திசை, பாகையில் கோணம், தொலைவு, ஆழம் எல்லாம் இருக்கும். வரைபடத்தாளில் 1 செ.மீ. = 5 கி.மீ. என்று வைத்துக்கொண்டு, பாகைமானியால் கோணம் குறித்துப் புள்ளி வைக்கச் சொன்னேன். கணித ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, இந்தத் தாள்களைத் தனக்கும் வேண்டும் என்று வாங்கிச் சென்றார். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்போது இந்த அறிவிப்பு வராது. ஜூனில் பள்ளி திறந்ததும் தடைக்காலம் ஏன் என்பதிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

கைப்பேசிக்கு எட்டாத கடல்

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் குவால்காம் நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' திட்டம் பின்னர் தமிழிலும் இயங்கும் செயலியாக வளர்ந்தது. அலை, காற்று, மீன் பகுதி, சர்வதேசக் கடல் எல்லை நெருங்கும்போது எச்சரிக்கை என எல்லாம் அதில் உண்டு. அதே 2007 அக்டோபரில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையமும் ஐதராபாத்தில் செயல்படத் தொடங்கியது. 2004இல் இல்லாதது வந்துவிட்டது.

ஆனால் கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசி அலைவரிசை எட்டுவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி அருகே உருவானபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கும் மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. பலர் திரும்பவே இல்லை. அந்த இழப்புக்குப் பிறகுதான் கருவிகள் வேகமாக வந்தன.

2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற சிறு கருவி அறிமுகமானது. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் அமைப்பின் செயற்கைக்கோள்களில் இருந்து கடல் அறிவிப்பை வாங்கி, புளூடூத் மூலம் கைப்பேசிக்குத் தரும். ஆனால் செய்தி ஒருவழியாகத்தான் வரும். படகில் இருப்பவர் "என்னைக் காப்பாற்றுங்கள்" என்று திருப்பிச் சொல்ல முடியாது. அடுத்த கட்டமாக இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான இருவழிக் கருவி வந்தது. 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்ட திட்டத்தில், 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் படகுகளில் இதை இலவசமாகப் பொருத்த 364 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கடலில் இருந்தும் கரைக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

இங்கே ஒரு கணக்கு. புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ளது. செய்தி மேலே போய்க் கீழே வர 72,000 கி.மீ. ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. எனவே ஆகும் நேரம் 0.24 விநாடி. "கண் இமைக்கிறதுக்குள்ள வந்துடுமா டீச்சர்?" என்றார்கள். வந்துவிடும். கருவியை அணைத்து வைக்காமல் இருந்தால்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது பழைய முறைதான். துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். ஒன்றும் இரண்டும் தொலைவிலுள்ள ஆபத்தைக் குறிப்பவை. எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். அப்படியானால் பதினொன்று அதைவிடப் பெரிய புயலா? இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு வாய்ப்பிருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று பொருள். தொடர்பு அறுவதைப் பெரும் அபாயத்துக்கும் மேலே வைத்திருக்கிறார்கள்.

முன்கணிப்பு மாறினால் பொய்யா?

ஐந்தாம் பாடவேளையில் ஃபெஞ்சல் புயலை எடுத்தேன். 2024 நவம்பர் கடைசி வாரம். புயலாகும் என்றார்கள், பிறகு ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றார்கள், 29ஆம் தேதி அது புயலானது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது.

"மாத்தி மாத்தித்தானே சொன்னாங்க, அப்புறம் எதுக்கு நம்பணும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்தேன். ஐந்து நாள் தொடர்ந்து நாளைய வானிலை அறிவிப்பை எழுதிவைத்து, மறுநாள் நடந்ததையும் பக்கத்தில் எழுத வேண்டும். அதற்கு முன் சொற்களின் அளவைச் சொல்லிவிட்டேன். 'ஓரிரு இடங்களில் மழை' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகும் என்று பொருள். 'ஒருசில இடங்களில்' என்றால் 26 முதல் 50 வரை. அது வெறும் பேச்சு வழக்கு இல்லை, ஓர் எண். நம் தெருவில் மழை பெய்யாததால் 'ஓரிரு இடங்களில்' என்ற அறிவிப்பு பொய்யாகிவிடாது. அதுபோல மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் வெறும் மழை அளவைச் சொல்பவை என்றுதான் நினைக்கிறோம். நாம் செய்ய வேண்டியதை அவை சொல்கின்றன: கவனித்துக்கொண்டிரு, தயாராக இரு, உடனே செயல்படு.

தாத்தாக்களின் அறிவையும் இங்கே கொண்டுவர வேண்டும். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்குப் பக்கமிருந்து வருவது கச்சான். ஊருக்கு ஊர் சற்று மாறும். செயலியில் 'வடகிழக்குக் காற்று, மணிக்கு 35 கி.மீ.' என்று வந்ததை, இன்றைக்கு எந்தக் காற்று என்று வீட்டில் கேட்டு எழுதிய பெயரோடு சேர்த்து ஒரே அட்டவணையில் வைத்தோம். பெரும்பாலான நாட்களில் இரண்டும் பொருந்தின. பொருந்தாத நாட்களில்தான் நல்ல பேச்சு நடந்தது.

உள்மாவட்டப் பள்ளிகளில் அலைக்குப் பதிலாக மழையையும் இடியையும் வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 45 சென்டிமீட்டர் மழையில், ஆயிரம் சதுர மீட்டர் பள்ளி மைதானத்தில் விழுந்த நீர் 4,50,000 லிட்டர். மின்னலுக்குப் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி இருக்கிறது. ஆடு மேய்ப்பவரும் வயலில் நடவு செய்பவரும் உள்ள ஊரில் அது வகுப்பறைக்கு வரவேண்டிய பொருள்.

ஒரு எச்சரிக்கையை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும். "அப்பாவைக் கடலுக்குப் போகாதே என்று சொல்" என்று எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். ஒரு நாள் தொழில் இல்லை என்றால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பது பிள்ளைக்கும் தெரியும், நமக்கும் தெரியும். போவதா வேண்டாமா என்பது பெரியவர்களும் ஊர்ப் பஞ்சாயத்தாரும் முடிவு செய்வது. அறிவிப்பைச் சரியாகப் படித்துச் சொல்வது வரையே பிள்ளையின் பங்கு. அதற்கு மேல் சுமத்தினால், ஏதாவது நடந்துவிட்ட நாளில் அந்தச் சுமை அந்தப் பிள்ளையின் தலையில் ஏறும்.

இப்போது எங்கள் வகுப்பு வாசலில் ஒரு சிறு கரும்பலகை இருக்கிறது. தினமும் இருவர் முறை வைத்து அலை உயரம், அதன் இரு மடங்கு, அலைக்காலம், காற்றின் பெயர் நான்கையும் எழுதுகிறார்கள். மதிய உணவு சமைக்க வரும் அக்காக்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் இருவர் வீட்டில் படகு இருக்கிறது.

ஆறாம் பாடவேளை கேள்வி நேரம். ஒரு மாணவி கேட்டாள்: "அப்பாக்குச் செயலி இருக்கு. எங்கம்மா மீன் வாங்கி விக்கிறாங்க. எந்தப் படகு எப்ப கரைக்கு வரும், எவ்வளவு மீன் வரும்னு தெரியாம காலைல நாலு மணிக்கே போய் கரைல உட்கார்ந்திருக்காங்க. கடல்ல இருந்து கரைக்குச் செய்தி வரும்னு சொன்னீங்களே, அது அம்மாக்கும் வருமா?" வர வைக்க முடியும், யாராவது அப்படி ஒரு செயலியைச் செய்ய வேண்டும் என்றேன். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அம்மாக்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். இதுவரை பதினோரு தாள்கள் வந்திருக்கின்றன. ஏழில் முதல் வரி ஒன்றுதான்: எழுத்து வேண்டாம், குரலில் சொல்ல வேண்டும்.